பூட்டு தொங்கும்வரை

என் சமையலறையில், கேஸ் அடுப்புக்கு மேலே, ஓர் ஆணியில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்குகிறது. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அதைப் போட்டுப் பூட்டிவைக்கும்படி என் வீட்டில் எதுவும் இல்லை. ஆனாலும் அவ்வப்போது இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்கப் பித்தளை பளபளக்கும். அதன் இரும்பு வளையத்தில் இருக்கிற இரண்டு கீறல்கள் மட்டும் போகாது. இரண்டும் ரம்பம் பட்ட கீறல்கள். ஒன்று பழையது, ஓரமெல்லாம் மழுங்கிப் போனது. இன்னொன்று போன மாதம் பட்டது. விரல் வைத்தால் இன்னும் கிழிக்கும்.

இந்தப் பூட்டின் சொந்தக்காரரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். அவர் இறந்த அன்று, மாட்டுங்காவில் அவர் வீட்டு வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: மேடம் ராசியானவர், கரண்டும் கேஸும் அவர் கையில் இருந்த காலம் முழுக்க எங்கள் காலனியில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை, அதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று. சாவு வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். ராசியாம். கொடுப்பினையாம். அந்த மனுஷி ஆயுசு முழுக்க வேலை செய்ததை இரண்டு வார்த்தையில் ஜாதகத்தின் கணக்கில் எழுதிவிட்டார். இதை நான் துக்கத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

செம்பூரைத் தாண்டி, டிராம்பே போகிற பக்கம், எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு காலனி இருந்தது. காலனி என்று பேர்தான், அது ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடம், மார்க்கெட், கிளப், கோவில், மசூதி, வரிசை வரிசையாகக் குடியிருப்புகள், ஒரு மூலையில் பெரிய அதிகாரிகளின் பங்களாக்கள். ஊருக்கெல்லாம் வெளியிலிருந்து கரண்டும் கேஸும் வரும். எங்கள் காலனிக்கோ இரண்டையும் எங்கள் ஆபீஸே வாங்கிப் பிரித்துக் கொடுத்தது. சப்ளை ஆபீஸ் என்று பெயர். ஒரு பக்கம் கரண்டை நிறுத்தவும் விடவும் பிரேக்கர் ரூம், மறு பக்கம் கேஸ் குழாய்களின் வால்வு அறை, நடுவில் எங்கள் மேஜைகள். இதையெல்லாம் நடத்தியவர் மேடம். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம். எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர். கேஸை வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டார்.

நான் புகார் டெலிபோனில் உட்கார்ந்தவள். தாராவியில் பிறந்தேன், ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது, மிச்சத்தை ஜனங்கள் வாயிலிருந்து படித்தேன். எனக்கு வேலை கொடுத்த அன்று மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்: போனில் யாராவது கன்னாபின்னாவென்று திட்டினால் என்ன செய்வாய்? “கேட்டுக்குவேன் மேடம். தாராவியில குழாயடியில குடத்தோட நின்னவ நான்” என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குச் சிரித்தார். “அப்போ இங்கேயும் அதே குழாயடிதான். தண்ணிக்குப் பதிலா கரண்ட்” என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. விளக்கு எரிகிறது, அடுப்பு எரிகிறது என்று சொல்ல உலகத்தில் ஒருத்தரும் போன் எடுப்பதில்லை. அணைந்தால்தான் நாங்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே ஞாபகம் வரும்.

என் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. அதில் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பூட்டு. இது மேடம் கொண்டுவந்த பழக்கம். டிரெஞ்ச் என்று நாங்கள் சொல்கிற, கேபிள்கள் ஓடும் பள்ளத்தில் இறங்கினாலும் சரி, கேஸ் குழாயில் கை வைத்தாலும் சரி, போகிற ஆள் தன் பூட்டை எடுத்துக்கொண்டு போய் பிரேக்கர் ஹாண்டிலிலோ வால்விலோ மாட்டிப் பூட்டிவிட வேண்டும். சாவி அவன் இடுப்பில். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. அத்தனை பேரும் ஏறி வந்து அவரவர் பூட்டை அவரவர் திறந்து எடுக்கும்வரை, ஆண்டவனே வந்து சொன்னாலும் ஹாண்டில் அசையாது. வெளிநாட்டிலும் பெரிய ஆலைகளிலும் இப்படி ஒரு முறை உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் மேடம் அதில் தன் கைச்சரக்கு ஒன்று சேர்த்திருந்தார். பூட்டு ஆபீஸ் பூட்டாக இருக்கக் கூடாது, வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

கம்பெனி ஒரே மாதிரிப் பூட்டு வாங்கிக் கொடுத்தால் என்ன என்று ஆட்கள் முணுமுணுத்தபோது அவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். “ஆபீஸ் பூட்டுன்னா யாருக்கும் வலிக்காது. யார் வேணும்னாலும் உடைச்சுட்டுப் போயிண்டே இருப்பா. உங்காத்துப் பூட்டை ஒருத்தன் உடைச்சா சும்மா இருப்பேளா?” அதன்பிறகு பலகை ஒரு சந்தை மாதிரி ஆனது. ஒருவர் சைக்கிள் பூட்டு கொண்டுவந்தார். ஒருவர் ஊறுகாய் அலமாரிப் பூட்டைக் கொண்டுவந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கேஸ் ஃபோர்மேன், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், நாங்கள் பாய் என்போம், ஊரிலிருந்து ரயிலேறி வந்தபோது டிரங்குப் பெட்டியில் தொங்கிய இரும்புப் பூட்டைக் கொண்டுவந்தார். மேடம் கொண்டுவந்தது இந்தப் பித்தளைப் பூட்டு. அவர் புகுந்த வீட்டில் மாமியார் காப்பிப் பொடியை வைத்துப் பூட்டிய பூட்டாம். “என்கிட்டேர்ந்து காப்பிப் பொடியையே காப்பாத்தின பூட்டு. மனுஷாளைக் காப்பாத்தாதா?” என்று சொல்லிக் கொக்கியில் மாட்டினார்.

நாளடைவில் பூட்டைப் பார்த்தால் ஆளின் முகம் தெரிந்தது. ஹாண்டிலில் டிரங்குப் பூட்டு தொங்கினால் பாய் உள்ளே இருக்கிறார். சைக்கிள் பூட்டு தொங்கினால் அவர் கூட்டாளி உள்ளே இருக்கிறார். பாய் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, “தங்கச்சி, கரண்டு கண்ணுக்குத் தெரியாது, கேஸு கைக்குச் சிக்காது. ஆனாலும் ரெண்டையும் நம்பிரலாம். ஹாண்டில் பக்கத்துல ஒருத்தன் சும்மா நிக்கான் பாரு, அவனத்தான் நம்பக் கூடாது” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

காலனியில் எல்லோரும் சிரிக்கவில்லை. பூட்டு தொங்குகிற வேலை நேரமெடுக்கும். நேரமெடுத்தால் என் போன் கதறும். மேடத்துக்குப் பூட்டு மேடம் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் பூட்ட வேண்டியதை ஆபீஸில் வந்து பூட்டுகிறாள் என்று கிளப்பில் சீட்டாடுகிறவர்கள் சொல்வார்களாம். இதே வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் கண்டிப்பானவர் என்றிருப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாளுக்கு வருகிறேன். புதிய கிளப் ஹாலைத் திறந்துவைக்க டெல்லியிலிருந்து கம்பெனியின் பெரிய தலைவர் வருகிற நாள். காலனி முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, சீரியல் விளக்கு கட்டியிருந்தார்கள். விழாவுக்காக மேடமும் பட்டுப் புடவையில் வந்திருந்தார். மத்தியானம் மூணாம் பிளாக்கிலிருந்து ஒரு மராத்தி அம்மாள் போன் செய்து, வாசலில் கேஸ் வாசனை வருகிறது, அடுப்பை அணைத்தும் போகவில்லை என்றார். பாய் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாசனை வீட்டிலிருந்து வரவில்லை, கேபிள் ஓடும் டிரெஞ்சிலிருந்து வருகிறது என்றார். பழைய கேஸ் குழாய் ஒன்று அந்தப் பள்ளத்தை ஒட்டிப் போகிறது. அதன் மூட்டில் கசிந்து, மேலே போட்ட சிமென்ட் பலகைகளுக்குக் கீழே கேஸ் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தின் கோடியில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதில் ஒரு பொறி போதும்.

மேடம் குரலை உயர்த்தவேயில்லை. அங்கே இருக்கிற சுவிட்சை யாரும் தொடக் கூடாது, இங்கிருந்தே அந்தப் பக்கம் முழுவதற்கும் கரண்டை நிறுத்து, கேஸை மெயின் வால்வில் மூடு என்றார். அந்தப் பக்கத்து மூன்று பிளாக்குகளும் கிளப்பும் ஒன்றாக அணைந்தன. பலகைகளைத் தூக்கிக் காற்றாட விட்டு, பிறகுதான் பாயும் அவர் கூட்டாளியும் இறங்கினார்கள். கேபிளைக் கையால் நகர்த்தினால்தான் அந்த மூட்டைத் தொட முடியும். இறங்குமுன் இரண்டு பேரும் பலகையிலிருந்து பூட்டை எடுத்துப் போய் ஹாண்டிலில் மாட்டினார்கள்.

என் போனில் அன்றைக்கு வந்த வசவுகளை எழுதினால் ஒரு புராணம் ஆகும். இட்லி பாதி வெந்து பாதி வேகாமல் நிற்கிறது, உங்கள் மேடத்தை வந்து தின்னச் சொல் என்றது ஒரு குரல். கிளப்பிலிருந்து சமையல்காரர், வடைக்கு எண்ணெய் வைத்த நேரத்தில் அடுப்பைப் பிடுங்கிய பாவம் உங்களைச் சும்மா விடாது என்றார். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அடுப்பு அணைந்தால் வாய் எரியத்தான் செய்யும். நான் மன்னிக்காதவர் ஒருவர் உண்டு. நிர்வாக அதிகாரி. ஊரையே கழுவித் துடைத்து விழா எடுக்கிறவர். மூன்று தடவை போன் செய்து கத்தியவர், நாலாவது தடவை ஆளாகவே வந்துவிட்டார். தலைவரின் கார் செம்பூர் தாண்டிவிட்டது, உடனே கரண்டைப் போடு என்றார். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் மேடம். அவர்களை ஏறச் சொல், விழா முடிந்ததும் திரும்ப இறங்கட்டும் என்றார் அவர். கேஸ் முழுக்கப் போகவில்லை, மூட்டு திறந்து கிடக்கிறது, இப்போது கரண்டு விட்டால் பொறி பறக்கும் என்றார் மேடம். அதிகாரி இந்தியில் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது: இரண்டு பூட்டுக்காகக் கம்பெனியின் மானத்தை வாங்குகிறாயா? சொல்லிவிட்டு வெளியே போய், வாட்ச்மேனிடம் ரம்பம் கொண்டுவரச் சொன்னார்.

மேடம் எழுந்தார். பலகையிலிருந்து இந்தப் பித்தளைப் பூட்டை எடுத்தார். பிரேக்கர் ரூமுக்குள் போய் ஹாண்டிலில் மூன்றாவதாக மாட்டிப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் மேஜைக்கு வந்து செருப்பைக் கழற்றினார். “கேக்கறவாகிட்டே சொல்லு. என் பூட்டு தொங்கறது. நான் உள்ளே இருக்கேன்.” அவ்வளவுதான். பட்டுப் புடவையோடு, வெறுங்காலோடு மூணாம் பிளாக்கைப் பார்த்து நடந்தார்.

வாட்ச்மேன் ரம்பத்தோடு வந்தான். மூன்றில் சின்னது என்பதால் பித்தளைப் பூட்டில்தான் முதலில் வைத்தான். ஒரு இழுப்பு இழுத்தான். அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. நான் போனை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு வாசலில் போய் நின்று, அது மேடத்தின் பூட்டு, மேடம் டிரெஞ்சுக்குள் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் சொன்னேன். உத்தரப் பிரதேசத்துப் பையன் அவன், ரம்பத்தைச் சூடுபட்டதுபோல் கீழே போட்டான். அதிகாரி நம்பவில்லை, நாடகம் என்றார், பார்த்துவர ஆள் அனுப்பினார். போனவன் திரும்பி வந்து சொன்னான்: மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் நிற்கிறார், பாய் நகர்த்திய கேபிளைக் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று. அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இருந்தது. உள்ளே இருக்கிற மூன்று உயிருக்கான பயம் இல்லை அது. அவற்றில் ஒன்று இன்ஜினியருடைய உயிர் என்பதற்கான பயம். இரண்டு ஃபிட்டர்கள் மட்டும் உள்ளே இருந்தவரை அவர் ரம்பத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

தலைவர் சாயங்கால வெளிச்சத்திலேயே, மைக் இல்லாமல் ரிப்பன் வெட்டினார். டீ வெளிக்கடையிலிருந்து வந்தது. பாய் மூட்டை மாற்றி, சோப்பு நுரை பூசிச் சோதித்துவிட்டுக் கூட்டாளியோடு ஏறி வந்தார். அவர் பூட்டைத் திறந்தார், கூட்டாளி திறந்தார், கடைசியாக மேடம். விளக்குகள் எரிந்தன. பாய் கழற்றிய பழைய மூட்டை என் மேஜைமேல் வைத்தார். துரு தின்று அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, வெடித்ததா என்று கேட்டார். இல்லை. யாருக்காவது ஏதாவது ஆனதா? இல்லை. அப்புறம் என்ன என்றார்.

அந்த “அப்புறம் என்ன”தான் என்னை இன்றுவரை எரிக்கிறது. நடந்த விபத்துக்குச் சாட்சி இருக்கும், படம் இருக்கும், விசாரணை இருக்கும். நடக்காத விபத்துக்கு என்ன இருக்கிறது? ஒரு துருப்பிடித்த துண்டு, பாதி வெந்த இட்லி, கெட்டுப்போன ஒரு விழா. பாயின் மனைவி இதைக் கேட்டுவிட்டு ஒரு வரியில் சொன்னார்: “தீய அணைச்சவனுக்கு மாலை, தீ வராமப் பாத்தவனுக்கு வசவு.” அந்தப் பெண் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. என்னிடம் இருக்கிற சொலவடைகளில் இதற்குத்தான் முதல் இடம்.

மேடம் பதற்றத்தைப் பரப்பினார் என்று சொல்லிக் காகிதமும் பென்சிலும் அடுக்குகிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அந்த இன்ஜினியர் அங்கே உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்டோருக்குப் போகிற அன்று பலகையிலிருந்து தன் பூட்டை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். யார்மேலும் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அதிலும் கோபம்தான். கத்தியிருக்கலாம். அவர் கத்தாததை அவர்கள் தங்களுக்குக் கிடைத்த நியாயம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் சப்ளை வேலை காண்டிராக்டருக்குப் போனது. அவருடைய சூப்பர்வைசர் வந்ததும் முதலில் செய்தது, பலகையைக் கழற்றியது. ஊறுகாய்ப் பூட்டும் சைக்கிள் பூட்டும் தொங்குகிற இது ஆபீஸா, பழைய இரும்புக் கடையா என்றான். நல்ல பெரிய ஸ்டீல் பூட்டு ஒன்று வாங்கினான். ஹாண்டிலுக்கு ஒரே பூட்டு, அதற்கு ஒரே சாவி, சாவி எல்லோருக்கும் வசதியாக ஓர் ஆணியில். பாய் எதிர்த்துப் பேசினார். வேலை வேண்டுமா என்று கேட்டான். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தது. பாய் வாயை மூடிக்கொண்டார்.

ஒருநாள் காலையில் அவர் நாலாம் பிளாக் டிரெஞ்சில் இறங்கியிருந்தார். ஸ்டீல் பூட்டைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனார். அதுதானே புதுச் சட்டம். அதே லைனில் இருந்த பங்களாப் பக்கத்திலிருந்து ஏசி ஓடவில்லை என்று போன் வந்தது. சூப்பர்வைசர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். பூட்டு தொங்குகிறது, யாருடையது என்று கேளுங்கள், பாய் நாலாம் பிளாக் போனார் என்று சொன்னேன். அவன் நடந்துகொண்டே சொன்ன பதில் இது: யாருடையதும் இல்லை, ஆபீஸ் பூட்டு, நேற்று யாரோ மறந்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் எழுந்து பின்னால் ஓடுவதற்குள் ஹாண்டில் மேலே போய்விட்டது.

பாய் பிழைத்தார். இரண்டு கையும் பிழைக்கவில்லை. தோல் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மடங்கியே நின்றுவிட்டன. விசாரணை என்று ஒன்று நடந்தது. சூப்பர்வைசர் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மாட்டுங்காவிலிருந்து மேடம் யாரும் கூப்பிடாமல் தானே வந்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே அழைக்கவில்லை. ஓய்வு பெற்றவருக்கு இதில் என்ன என்றார்களாம். கடைசியில் பணியாளரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கை வெந்தவனுடைய கவனக்குறைவு. ஹாண்டிலைத் தூக்கியவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், கூடுதல் சம்பளத்தில் என்று கேள்வி.

கோவண்டியில் பாயின் வீட்டுக்கு மேடத்தோடு நானும் போனேன். ஒற்றை அறை. பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் சலாம் வைக்கக் கை எழும்பி, பாதியில் நின்றது. அதை மறைக்க அவரே பேச ஆரம்பித்துவிட்டார்: “பிரியாணி திங்கிற கை போச்சு மேடம். இனிமே வீட்டுக்காரி ஊட்டுனாத்தான் உண்டு. அந்தக் காலத்துல கெஞ்சினாலும் ஊட்ட மாட்டா.” அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடம் கைப்பையைத் திறந்து இந்தப் பூட்டை எடுத்துப் பாயின் மடியில் வைத்தார். ஏன் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பு கேட்கிறாரோ என்று தோன்றியது. மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள் யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பாய் பூட்டைப் பிடிக்கப் பார்த்தார். அது விரல்களுக்கு நடுவே நழுவித் தரையில் விழுந்தது. நான் எடுத்தேன். “நீயே வச்சிக்க தங்கச்சி” என்றார். “பூட்டத் தெரிஞ்ச கையிலதான் பூட்டு இருக்கணும்.” மேடம் தலையசைத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

பாய் போய்விட்டார். மேடமும் போய்விட்டார். காலனியை இடித்துவிட்டார்கள். நான் இப்போது செம்பூரில், குடிசை இழந்தவர்களுக்குக் கட்டிய ஒரு மறுவாழ்வுக் கட்டடத்தில் இருக்கிறேன். லிஃப்ட் உண்டு, ஓடுகிற நாளில் ஓடும். போன வருஷம் குழாய் கேஸ் வந்தது. குழாய் போட்ட ஆட்கள், சுவரில் துளை போடுகிற வேலையை மிச்சம் பிடிக்க, கீழ்த்தளத்தில் கரண்டு மீட்டர்கள் இருக்கிற அறைக்குள்ளேயே அதை இழுத்துவிட்டார்கள். நான் போட்ட சத்தத்துக்கு எனக்குக் கிடைத்த பெயர் டென்ஷன் ஆன்ட்டி. பூட்டு மேடத்துக்குப் பிறகு டென்ஷன் ஆன்ட்டி. பரவாயில்லை, வம்சம் விட்டுப்போகவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் காய்கறிப் பையோடு உள்ளே வந்தபோது மீட்டர் ரூம் பக்கம் அந்த வாசனை. என் மூக்கு அதை மறக்காது. கதவை விரியத் திறந்துவைத்தேன். ஒரு சுவிட்சையும் தொடவில்லை. வெளியே வந்து கேஸ்காரர்களுக்குப் போன் செய்தேன், வருகிறோம் என்றார்கள். குழாய் கட்டடத்துக்குள் நுழைகிற இடத்தில், வெளிச்சுவரில் இருக்கிற வால்வை மூடினேன். மாடிக்குப் போய் இந்தப் பூட்டை எடுத்துவந்து, வால்வின் கைப்பிடியையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துப் பூட்டினேன்.

அன்றைக்கு எங்கள் கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரியின் மகளுக்கு முதல் பிறந்தநாள். அவன் தாராவியில் எங்கள் சந்தில் பிறந்தவனின் மகன்தான், தமிழ் பேசுவான், படிக்க வராது. வீட்டு அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பிரியாணி பாதியில் நின்றுவிட்டது. இறங்கி வந்தான். “ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, டென்ஷன் ஆகாதீங்க. வாசனை எப்பவும்தான் வருது. கெஸ்ட்டெல்லாம் வந்துட்டாங்க, கொஞ்ச நேரம்தான், திறந்து விடுங்க” என்றான். நான் மாட்டேன் என்றேன். என் பெண்ணின் ஃபங்ஷனை ஏன் கெடுக்கிறீர்கள் என்றபோது அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும். கேட்டரிங்காரன் எங்கிருந்தோ ஒரு ரம்பம் கொண்டுவந்தான். வளையத்தில் வைத்து ஒரு இழுப்பு. அதே சத்தம்.

“என் பூட்டு தொங்குது” என்றேன். “நான் உள்ள இருக்கேன்.” சொல்லிவிட்டு மீட்டர் ரூமுக்குள் போய் நின்றேன். செக்ரட்டரிக்கு ஒன்றும் புரியவில்லை. பைத்தியம் என்று முணுமுணுத்துக்கொண்டே என் கையைப் பிடித்து வெளியே இழுக்க உள்ளே வந்தான். வந்தவன் மூச்சு இழுத்தான். அவன் முகம் மாறியதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்ண விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவனை ஒரே சத்தத்தில் நிறுத்தினான். மேலே ஓடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினான். கேஸ்காரர்கள் வந்தார்கள், ஒரு மூட்டைப் பிரித்து மாற்றினார்கள், சோப்பு நுரை பூசிப் பார்த்தார்கள், போனார்கள். என் பூட்டை நானே திறந்தேன்.

மறுநாள் கட்டடத்தின் வாட்ஸ்ஆப்பில் அவன் குரல் பதிவு போட்டிருந்தான். எல்லாம் நார்மல், யாரும் பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகவில்லை, ஆன்ட்டி கொஞ்சம் டென்ஷன் ஆகிவிட்டார்கள் என்று. கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். லிஃப்டில் ஓர் அம்மாள் என்னிடம் சொன்னார்: “நம்ம பில்டிங் ராசியான பில்டிங்குங்க.”

குழாய் இன்னும் மீட்டர் ரூமுக்குள்தான் ஓடுகிறது. மாற்றச் சொல்லி ஒவ்வொரு மீட்டிங்கிலும் எழுந்து நிற்கிறேன், என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு எழும்பும். நேற்று பூட்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை பளிச்சென்று வந்துவிட்டது. கீறல்கள் இரண்டும் அப்படியே. திரும்பவும் ஆணியில் மாட்டினேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வளையத்தில் மூன்றாவது கீறலுக்கு இடம் இருக்கிறது.